சூரியனின் இடம் ஏன் சுழி இல்லை?

அடுத்த கேள்வி. "கோள்களின் இடத்தைக் கணக்கிட்டுத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் சூரியனின் இடத்தைக் கேட்டேன். சுழி வரும் என்று பார்த்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் வருகிறது, வேகம் வேறு காட்டுகிறது. சூரியன்தானே நடுவில் இருக்கிறது?" நல்ல கேள்வி.

தளத்தில் பிழை இல்லை. நீங்கள் அளவுக்கு மையமாகத் தேர்ந்தெடுத்தது சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தை, அதாவது சூரியன், கோள்கள் எல்லாவற்றின் நிறையும் சமன்படும் புள்ளியை. அது சூரியனின் நடுப்புள்ளி அல்ல. வியாழனை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அதன் நிறை சூரியனுடையதில் 1,047-இல் ஒரு பங்கு. இடைத்தூரம் 77.8 கோடி கிலோமீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 7.4 லட்சம் வருகிறது. சூரியனின் ஆரமோ 6.96 லட்சம் கிலோமீட்டர்தான். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான மையம் சூரியனுக்கு வெளியே விழுகிறது! அதைச் சூரியனும் நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சனி போன்ற மற்ற கோள்களும் இழுப்பதால் அந்தப் பாதை ஒழுங்கான வட்டமாக அமைவதில்லை.

மையம் கிடைத்தாலும், இடத்தைச் சொல்ல எந்தத் திசையிலிருந்து அளப்பது என்று தெரிய வேண்டுமே. என்னைக் கேட்டால் கடினமான பகுதி இதுதான். முன்பு சம இரவுப் புள்ளியிலிருந்து, அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் வானில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து, அளந்தார்கள். பூமியின் அச்சு தள்ளாடுவதால் அந்தப் புள்ளி ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று ஏறத்தாழ 24 பாகை கழிக்கிறார்களே, அது சுமார் 1,700 ஆண்டுகளாகச் சேர்ந்த இந்த நகர்வுதான். சரி, விண்மீன்களை அடையாளமாக வைக்கலாம் என்றால், அவையும் சும்மா இருப்பதில்லை. பர்னார்டு விண்மீன் 180 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

ஆகவே பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1998 முதல் குவேசார்களை, அதாவது தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மிகப் பிரகாசமான நடுப்பகுதிகளை, அடையாளமாகப் பிடித்துக்கொண்டது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அவை எவ்வளவு விரைந்தாலும் திசை மாறியதாகத் தெரியாது. கண்டம் விட்டுக் கண்டம் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து அவற்றை அளக்கிறார்கள். இப்படி அமைத்த திசைச் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பு 2019 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் அளவை அச்சுகளின் திசையை வரையறுப்பவை இத்தகைய 303 மூலங்கள். நம் சூரியக் குடும்பம் பால்வீதியின் மையத்தைச் சுற்றுவதால் அவையும் மிக நுண்ணிய அளவில் விலகித் தெரிகின்றன. அதற்கும் இந்தப் பதிப்பில் திருத்தம் உண்டு.

இன்றிரவு செவ்வாய் எங்கே தெரியும் என்று பார்ப்பதற்கு இவ்வளவும் வேண்டாம். மையம் என்ற இடத்தில் உங்கள் ஊரைக் கொடுங்கள், போதும்.