பவர் சப்ளையை முதலில் எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பசியாறிவிட்டுக் கேட்பவர்களுக்கும், பசியாறிக்கொண்டே கேட்பவர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 22 வருஷமாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு போட்டோஸ்டேட் இயந்திரம், பின்னால் என் மேசை, அவ்வளவுதான். கேம் விளையாடப் புதுக் கணினி வாங்குகிற பிள்ளைகள் முதலில் என்னிடம் வந்து ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். முன்பெல்லாம் காகிதத்தில் இருக்கும், இப்போது போனில். பட்டியலின் முதல் வரியில் எப்போதும் கிராபிக்ஸ் கார்டு, கேம் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பாகம். கடைசி வரியில் பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தை வாங்கிக் கணினிக்குள் எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கிற பெட்டி. அதற்கு நேரே தொகை இருக்காது. கேட்டால், "மிச்சம் இருக்கிறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு அக்கா" என்பார்கள்.

அந்த 'ஏதாச்சும் ஒண்ணு' பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். மற்றதையும் சொல்கிறேன். ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் எங்கே தொடங்கினாலும் பவர் சப்ளையில்தான் வந்து நிற்பேன்.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே எல்லாம் செம்பனை. அப்பா தோட்டத்து எஞ்சின் வீட்டில் வேலை பார்த்தார். சாயங்காலம் எஞ்சினை ஓட்டினால்தான் லயத்து வீடுகளுக்கு விளக்கு. தீபாவளிக்கு முதல் நாள் ஆளாளுக்கு இஸ்திரிப் பெட்டியைப் போடுவார்கள். உடனே எல்லா வீட்டு விளக்கும் மங்கிவிடும், எஞ்சினின் சத்தமே மாறிவிடும். அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவார். எந்த வீட்டு விளக்கும் கெட்டுப்போகவில்லை, கம்பியும் அறுந்துவிடவில்லை. கொடுக்கிற இடத்தில் சக்தி போதவில்லை. கணினிக்குள்ளும் இதே கதைதான். கேம் திடீரென்று நின்று திரை கறுத்தால் பிள்ளைகள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுகிறார்கள். நான் எஞ்சின் வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பிடித்திருந்த கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், அவர் முறைக்கு வந்ததும், அப்படியே மகன் கையில் கொடுத்துவிட்டார். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சையை நல்லபடியாக எழுதினதற்குப் பரிசு. அவன் எங்கோ வெளியூரில் ஆளைப் பிடித்துப் பாகங்களைப் பூட்டிக் கணினியாக வாங்கி வந்துவிட்டான். கண்ணாடிக் கேசிங், அதாவது கணினியின் வெளிக்கூடு, ஆறு காற்றாடி, ஒவ்வொன்றிலும் வானவில் விளக்கு. கோயில் திருவிழா தோற்றது போங்கள். மூன்று மாதம் ஓடியது. தீபாவளி விடுமுறையில் கூட்டாளிகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாசம். மழையும் இல்லை, இடியும் இல்லை.

தூக்கிக்கொண்டு வந்தான். அம்மாவும் கூட வந்தார். பவர் சப்ளையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. பக்கத்து மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். கடைக்காரர், "என்னம்மா, வெங்காயமா?" என்றார். ஒரு கிலோகூடத் தேறவில்லை. எடை மட்டும் வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் சுவிட்ச் முதல் மின்தேக்கி வரை ஒழுங்காகப் போட்ட பெட்டி அந்த எடையில் இருக்காது. பிரித்துப் பார்த்தால், வெளிமின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுகிற சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். பலகையில் அந்தச் சுருளுக்கு இடம் விட்டிருக்கிறது, துளை இருக்கிறது, பொருள் இல்லை.

மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 600 வாட். இங்கேதான் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கிராபிக்ஸ் கார்டும், கணினியின் மூளையான ப்ராசசரும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். இரண்டையும் பெருக்குங்கள். அந்தப் பெட்டியில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். அறுநூறு எங்கே, இருநூற்றுப் பதினாறு எங்கே! மற்ற வோல்ட்டில் கிடைப்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, மேலே ஆசைக்கு ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஒழுங்கான 550 வாட் பெட்டியில் அந்த 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் பக்கம் இருக்கும். கடையில் நின்றுகொண்டே போனில் பெருக்கிப் பார்க்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: 12 வோல்ட், அதன் ஆம்பியர், இரண்டையும் பெருக்குங்கள்.

போகும்போது அது தனியாகப் போகவில்லை, எல்லாப் பாகத்தையும் இணைக்கிற மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. நல்ல பெட்டி என்றால், ஏதாவது தவறானதும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், மற்றதைக் காப்பாற்றும். அந்தக் காவலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எவ்வளவு வெள்ளிக்காக அக்கா இப்படி ஆச்சு?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்று ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், கூடப் போட்டிருந்தால் நல்ல பெட்டி. அந்த ஆறு காற்றாடியின் விளக்குக்கு அதைவிட அதிகம் போயிருந்தது.

இதற்காக ஆயிரம் வாட் வாங்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு வியாதி. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். ரைசன் 5 5600 ப்ராசசருக்கு 65 வாட் என்று போட்டிருக்கும், கொஞ்சம் கூடவே குடிக்கும். மற்றதையெல்லாம் சேர்த்தாலும் முந்நூறைத் தொடாது. உண்மையான 550 வாட் தாராளம். '80 பிளஸ் பிரோன்ஸ்', 'கோல்டு' என்று போட்டிருப்பது, சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே போட்ட பொருளின் தரத்துக்கு அது மட்டும் சாட்சி ஆகாது. ஐந்து வருஷம் அல்லது அதற்கு மேல் உத்தரவாதம் தருகிறார்களா என்று பாருங்கள். அவனவன் பொருள்மேல் அவனவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிந்துவிடும்.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். கையில் 3,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான் முதலில் எழுதச் சொல்வது பவர் சப்ளை, 280 வெள்ளி. இரண்டாவது மானிட்டர், 500. இந்த இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதி 2,720. இப்போது கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசலாம்.

மானிட்டர் ஏன் இரண்டாவது? நீங்கள் பார்ப்பது அதை மட்டும்தான். மேலிருந்து கீழாக 1,080 வரிசைப் புள்ளிகள் உள்ள 1080பி திரைக்குத் தேவையான கார்டு வேறு, 1,440 வரிசை உள்ள 1440பி திரைக்குத் தேவையான கார்டு வேறு. திரை எது என்று தெரியாமல் கார்டு வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி. என்ன கேம் என்பதும் முக்கியம். வெலரண்ட், டோட்டா 2 மட்டும்தான் விளையாடுவேன் என்கிறவனுக்குச் சாதாரண கார்டே போதும், நொடிக்கு 144 முறை படம் மாறுகிற 144 ஹெர்ட்ஸ் திரையில் போட்டால் திருப்தியாக இருக்கும். பெரிய கதை கேம் எல்லாம் விளையாடுவேன் என்றால் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை. 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி. அதற்கு அடுத்து 2023-ல் வந்த 4060-ல் 8 ஜிபிதான். புதியது வேகம் கூடினது, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும், ஆனால் பை சின்னது. எது வேண்டும் என்பது நீங்கள் என்ன அள்ளிப்போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கார்டுக்கு 1,200 என்று வைத்தால், மீதி 1,520-ல் ப்ராசசர், மதர்போர்டு, தற்காலிக நினைவகமான ரேம், கேமைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி, கேசிங் எல்லாம் வர வேண்டும். இங்கேதான் இடிக்கும். அதுவும் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. நமக்கு வரும்போது தங்கம் மாதிரி வருகிறது. அதனால் சிக்கனக்காரர்களுக்குப் ஏஎம்டி ப்ராசசருக்கான பழைய ஏஎம்4 வகை மதர்போர்டு இன்னும் கைகொடுக்கிறது. அது டிடிஆர்4 ரேம் போடுவது, வீட்டில் பழைய கணினி இருந்தால் அதன் ரேம் ஒருவேளை ஒத்துவரும். 2022-ல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான். பின்னால் ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்ற ஆசை இருப்பவர்கள் அதற்குப் போகலாம், ஆசைக்கு ஏற்ற விலை உண்டு. கேசிங்குக்கு நூறு வெள்ளிக்கு மேல் வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டது வாங்குங்கள். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் நமக்கே மூச்சு முட்டுகிறது, அதற்கு முட்டாதா? வலை வழியாக எறும்பு வரும், பல்லி வரும் என்று சொல்வார்கள். வரும்தான். ஒரு பவர் சப்ளைக்குள் பல்லி முட்டையே பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கேசிங்கைத் திறந்து துடையுங்கள்.

பணம் சேர்க்கிற விஷயம். எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலைச் சமாளிக்கத் தோட்டப் பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குப் பணத்தில் தோட்டத்தையே வாங்கினார்கள். சேர்த்து வாங்குவது நமக்குப் புதிதில்லை. ஆனால் கணினியை மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். ஜனவரியில் வாங்கின மதர்போர்டை ஜூனில்தான் முதல்முறை ஓட்டிப் பார்ப்பீர்கள். அதில் குறை இருந்தால், திருப்பிக் கொடுக்கிற காலம் எப்போதோ போயிருக்கும். பணத்தைச் சேருங்கள், பொருளைச் சேர்க்காதீர்கள். மானிட்டர் மட்டும் விதிவிலக்கு, அதைப் பழைய மடிக்கணினியில் மாட்டியே பார்த்துவிடலாம். பவர் சப்ளையும் அப்படித்தான், பழைய மேசைக் கணினி இருந்தால் அதில் ஓட்டிச் சோதிக்கலாம். பாருங்கள், மறுபடியும் அங்கேயே வந்துவிட்டேன்.

எங்கே வாங்குவது என்றால், ஈப்போ கடைகளில் ஏறி இறங்குங்கள், கோலாலம்பூர் போனால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவைச் சுற்றுங்கள், ஷாப்பி இணையக் கடையில் விலையை ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற 500 வெள்ளிக்குட்பட்ட இணையப் பொருளுக்கு 2024-லிருந்து பத்து விழுக்காடு வரி இருக்கிறது, அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்து இடி மின்னல். அதைப் பற்றித் தனியாகவே பேச... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா? சரி, வேகமாகச் சொல்கிறேன். சாயங்காலம் வானம் இருண்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். இணையக் கம்பியையும் பிடுங்குங்கள், அதன் வழியாகவும் வரும்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றி அரை மணி நேரத்துக்கு எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாக: இத்தீரியம் என்ற மின்னிலக்க நாணயத்தைக் கணக்குப் போட்டு ஈட்டுவதற்காக இரவும் பகலும் ஓடின கார்டுகள் 2022 செப்டம்பரில் அந்த வேலை நின்றதும் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஓடினது எல்லாம் கெட்டது இல்லை. விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டச் சொல்லுங்கள், காற்றாடிச் சத்தத்தைக் கேளுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பூட்டி முடித்ததும் மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகாதீர்கள், கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ஆறு மாதம் கார்டு இருப்பதே தெரியாமல் விளையாடினவர் ஒருவர் என் கடைக்கு வந்திருக்கிறார். அவர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார், பெயர் சொல்லவில்லை. 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கினவர்கள் விண்டோஸ் அமைப்பில் போய்ப் பாருங்கள், அறுபதிலேயே நின்றுகொண்டிருக்கும்.

தம்பி எழுந்தே விட்டார். ஒரே ஒரு வார்த்தை. பழைய பவர் சப்ளை எதையாவது எடுத்து மாட்டினால், பின்பக்கம் சின்னதாகச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது 115 வோல்ட்டில் இருந்தால், பிளக் போடுவதற்கு முன்னால் நம் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ற 230-க்குத் தள்ளிவிடுங்கள். வணக்கம்.