ரெண்டு டீச்சர் ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

வணக்கம் மக்களே! நம்ம ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. புது பெயிண்ட், ஸ்மார்ட் போர்டு இதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க.

கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர். வகுப்போ அஞ்சு. பெரும்பாலும் ஒருத்தர் 1, 2, 3 எடுப்பாங்க, இன்னொருத்தர் 4, 5. அப்ப நீங்க கவனிக்க வேண்டியது, டீச்சர் ஒரு குரூப்போட உக்காந்திருக்கும்போது மத்த குரூப் என்ன பண்ணுதுங்கறதைத்தான். சின்ன ஸ்கூலோட தரம் அங்கதான் தெரியும்.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கத்துக்குடுக்க 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (நல்லா வர்றவங்க)னு பிள்ளைங்களோட நிலை பார்த்துப் பிரிக்கறாங்க. நல்லா நடக்கற வகுப்புல முதல்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு பாட்டோ கதையோ இருக்கும். அப்புறம் மலருக்குப் பயிற்சிப் புத்தகம், மொட்டுக்கு ஜோடி ஜோடியா எழுத்து அட்டை, அரும்புகூடத் தரையில டீச்சர். சத்தம் இருக்கும், பயந்துடாதீங்க. கப்சிப்னு உக்காந்து போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டே இருந்தாத்தான் சந்தேகப்படணும். நோட்டு அழகா இருக்கும், பிள்ளைக்கு வாசிக்க வராது.

ஏற்கெனவே அங்க படிக்கற ரெண்டாவது, மூணாவது பிள்ளை யாராவது தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா ரெண்டு விஷயம் கேட்டுப் பாருங்க. புத்தகத்துல இல்லாத வரியா "கொடி மேல கோழி"ன்னு எழுதிக் காட்டுங்க. சில பிள்ளைங்க துணைக்காலை ர-ன்னு நினைச்சு "கெ... ர... டி"ன்னு வாசிக்கும். எழுத்து ஒவ்வொண்ணாத் தெரியுது, கூட்டத் தெரியலைன்னு அர்த்தம். அடுத்து 42ல 17 கழிக்கச் சொல்லுங்க. 35ன்னு வந்தா, ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்கு. பெருசுல சிறுசைக் கழிக்கறதுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு. பத்துப் பத்தாக் குச்சிக் கட்டு கட்டி, ஒரு கட்டைப் பிரிச்சுக் காட்டியிருந்தா இந்தத் தப்பு சீக்கிரம் போயிடும். அலமாரியில குச்சிக் கட்டு இருக்கா, அதுல தூசி இருக்கான்னும் பாருங்க.

ஹெச்.எம். கிட்ட தயங்காமக் கேளுங்க: "ஒரு டீச்சர் ட்ரெய்னிங் போற அன்னிக்கு என்ன ஏற்பாடு?" அன்னிக்கு அஞ்சு வகுப்பும் ஒருத்தர் கையில. பக்கத்து ஸ்கூல்ல இருந்து ஆள் வருவாங்களா, தனியா சமாளிக்க வேலை எடுத்து வச்சிருக்காங்களான்னு பளிச்சுன்னு பதில் வரணும்.

சாப்பாடு. காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். மதியத்துக்கு அரிசி 100 கிராம், கூட முட்டை. அளவு சரியா வந்தாலும் சாம்பார் தண்ணியா இருந்தா பிள்ளை உப்புமாவை அப்படியே வச்சிடும். பரிமாறி முடிஞ்சதும் தட்டு கழுவற இடத்துக்குப் போய்ப் பாருங்க, எவ்வளவு கொட்டுதுன்னு தெரிஞ்சுடும். வாரம் ஒரு தடவை குடுக்கற ரோஸ் கலர் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தரணும். வெறும் வயித்துல குடுத்தா குமட்டும், அடுத்த வாரம் பிள்ளை வாயில வச்சுக்கிட்டு வெளிய போய்த் துப்பிடும்.

கடைசியா கழிப்பறை. கட்டடம் இருக்கான்னு இல்லைங்க, பதினொண்ணரை மணிக்கு வாளியில தண்ணி இருக்கான்னு பாருங்க. காலையில ஒருவாட்டி மோட்டார் போட்டு விட்டுட்டா இன்டர்வெல்லோட தீர்ந்துடும். அப்புறம் பொம்பளைப் பிள்ளைங்க அடக்கிக்கிட்டே இருக்கும், அதுக்காகவே தண்ணி குடிக்காது. சாயங்காலம் பாட்டில் அப்படியே வீட்டுக்கு வருதுன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

இதுக்கு டீச்சரோட சண்டை போடாதீங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்காவாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்துல சொல்லி, தீர்மானப் புத்தகத்துல மோட்டார் யார் போடறது, எத்தனை மணிக்குப் போடறதுன்னு பேரோட எழுத வைங்க. அடுத்த கூட்டத்துல அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக் கேளுங்க.