எழும்பூரில் கொஞ்சம், லண்டனில் கொஞ்சம்

வணக்கம் நண்பர்களே. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் ஆட்டோ ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் உள்ளே அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். இவை ஆந்திராவில், கிருஷ்ணா நதிக்கரை அமராவதியில் இருந்த ஸ்தூபியிலிருந்து வந்தவை. ஸ்தூபி என்றால் பௌத்தர்கள் வழிபடும் பெரிய குவிமாட மேடு. இதே ஸ்தூபியின் இன்னொரு பங்கு லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே என் மாமா ஒன்று சொல்வார்: "வெள்ளைக்காரன் எடுத்துப் போயிருக்காவிட்டால் எல்லாம் சுண்ணாம்பாகப் போயிருக்கும்."

அவர் சொல்வதில் பாதி உண்மை. 'அமராவதி மார்பிள்' என்று பெயரே தவிர, அது சுண்ணாம்புக்கல். ஊர்க்காரர்கள் அதைச் சூளையில் போட்டு எரித்தது உண்மைதான். அந்தப் பகுதி ஜமீன்தாரும் கட்டடத்துக்குக் கல் எடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1797இல் பார்த்துவிட்டுப் போன ஸ்தூபி மேடு, 1816இல் அவர் திரும்பி வந்தபோது நடுவில் குளமாகியிருந்தது.

சரி, காப்பாற்றியவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்? 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பினார். அவர் கம்பெனி அதிகாரி, ஆட்சியும் கம்பெனியுடையது. அனுமதியை யாரிடம் கேட்பார்? வந்த கற்கள் இங்கே பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடந்தன. அவற்றில் பல 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. லண்டனில் போய்? ஃபைஃப் ஹவுஸ் என்ற மாளிகையின் வண்டிக்கொட்டகையில் கிடந்தவற்றை ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற அறிஞர் கண்டெடுக்க வேண்டியிருந்தது! பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அவை போனது 1880இல். இப்போதுள்ள கண்ணாடிக் கூடம் திறந்தது 1992இல்தான். நூறு வருடம் கழித்துக் கண்ணாடி போட்டுவிட்டு, "பாதுகாத்தோம்" என்று சொல்கிறார்கள்.

திருப்பிக் கேட்டால் 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் சட்டத்தைக் காட்டுவார்கள். சேகரிப்பில் உள்ளதைச் சில விதிவிலக்குகள் தவிர வெளியே கொடுக்க அந்தச் சட்டம் விடாது. ஆனால் அவர்கள் நாடாளுமன்றம் போட்ட பூட்டுக்குச் சாவியும் அங்கேதானே இருக்கிறது?

இவ்வளவு கோபமாகப் பேசிவிட்டு, எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள். உள்ளே இருப்பவையும் அமராவதியில் பெயர்த்தெடுத்தவைதான். அன்று குண்டூர் மதராஸ் மாகாணத்தில் இருந்தது, அதனால் தலைநகருக்கு வந்தன. மாகாணம் பிரிந்தது, கற்கள் பிரியவில்லை. குண்டூர்க்காரர் ஒருவர் இந்தப் பாந்தியன் சாலைக்கு வந்து "எங்களுடையதைக் கொடுங்கள்" என்று கேட்டால், நாமும் "பத்திரமாக வைத்திருக்கிறோமே" என்றுதானே சொல்வோம்? எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

யாருக்குச் சொந்தம் என்பதைவிட, வேறு ஒன்று என்னை அதிகம் உறுத்துகிறது. ஸ்தூபி என்பது வலம் வருவதற்கானது. சுற்றிலும் வேலி, வேலி முழுக்கச் சிற்பம். நடக்க நடக்கப் புத்தரின் கதை கூடவே வரும். ஒரு வட்டத்தை உடைத்துத் துண்டுகளை இரண்டு கண்டங்களில் வைத்த பிறகு, நாம் பார்ப்பது தனித்தனிக் கற்களை. அழகான கற்கள்தான். அரை மணி நேரம் ஒரே பலகையின் முன் நின்றேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடுத்த பலகை எங்கே என்று தேடினால் பதில் இல்லை.

லண்டன் கொடுக்க வேண்டும். டெல்லிக்கோ சென்னைக்கோ வேண்டாம், கிருஷ்ணா நதிக்கரைக்கே போக வேண்டும். அதே வாயால் எழும்பூரும் கொடுக்க வேண்டும் என்கிறேன். மாமா இதைப் பார்த்தால் போன் செய்வார், தெரியும்.

குண்டூருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த காணொளியை அந்த மேட்டில் நின்று எடுக்கிறேன்.