கலப்பைக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

உழவர் பெருமக்களுக்கு வணக்கம். தாளடி நெல் அறுவடை முடிந்து, கல்டிவேட்டர் என்னும் கொத்துக் கலப்பையும், சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரமும் கொட்டகைக்குத் திரும்பும் பங்குனி, சித்திரையில்தான் அவற்றுக்குப் பெயின்ட் அடிக்க நமக்கு நேரம் வாய்க்கிறது. பட்டறை வைத்த புதிதில், ஒரு கல்டிவேட்டர் சட்டத்தை டீசல் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்து, அன்றே பச்சை எனாமல் அடித்துக் கொடுத்தேன். ஒரு நடவு முடிவதற்குள் அது வெங்காயச் சருகுபோல உரிந்து கையோடு வந்துவிட்டது. டீசல் கிரீஸைக் கரைத்தாலும், தன் பங்குக்கு ஓர் எண்ணெய்ப் படலத்தை இரும்பின்மேல் விட்டுச்செல்லும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே, கழுவுவதுதான் முதல் வேலை. பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால், அது தேய்ப்புக் கீறல்களுக்குள் இறங்கித் தங்கிவிடும். சேற்றைச் சுரண்டி, டீசலால் கிரீஸை இளக்கியபின், சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் தேய்த்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உரம் ஏற்றிய டிரெய்லர் என்றால் மூலைகளை இரண்டு முறை அலசுங்கள். ஒட்டியிருக்கும் உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்டுக்கு அடியிலேயே துருவை வளர்க்கும்.

நன்றாகக் காய்ந்தபின், பொருக்குத் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷாலும் பிறகு 80ஆம் எண் உப்புத்தாளாலும் தேய்க்க வேண்டும். உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்டை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. அதன் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தேய்த்த இடம் ஈரம் உலர்ந்ததும், அன்று மாலைக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் ஏறிவிட வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், வெற்று இரும்பு மறுபடி செம்மை பூத்துவிடும். பிரைமரோடு நிறுத்திவிடுவதும் தவறு, அது ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. எனாமலைக் கெட்டியாக ஒரே பூச்சாக அடிக்காமல், மெல்லியதாக இரண்டு பூச்சு அடியுங்கள். சித்திரை வெயிலில் கைவைக்க முடியாமல் கொதிக்கும் இரும்பில் பெயின்ட் பரவுமுன்னே இழுத்துக்கொள்ளும்; பனி உலர்ந்த காலை வேளையும் கொட்டகை நிழலும்தான் உகந்தவை.

கொழுவுக்கும் ரோட்டவேட்டர் பிளேடுக்கும் பெயின்ட் வீண், முதல் உழவிலேயே மண் அதை வழித்துவிடும். அவற்றுக்குக் கிரீஸ் தடவினால் போதும். கிரீஸ் நிப்பிள்களை மட்டும் முன்கூட்டியே துணி சுற்றி மூடிவிடுங்கள். அவற்றின் வாய் பெயின்டால் அடைபட்டு, கிரீஸ் ஏறாமல் பேரிங் தேய்ந்துபோய்ப் பட்டறைக்கு வந்த கருவிகள் பல.