சாய்வெயிலில் தெரியும் கல்வட்டங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உதகையைச் சுற்றியுள்ள புல்மலைகளின் முகடுகளில் பழங்காலத்து ஈமக் கற்குவைகளும் கல்வட்டங்களும் இருக்கின்றன. நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தார். அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. தோண்டாமலே, ஒரு கல்லையும் அசைக்காமல், இவற்றை வரைபடத்தில் ஏற்ற இன்று ட்ரோன் உதவுகிறது. ஆனால் எந்த நேரத்தில் பறக்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மண்ணும் புல்லும் மூடிய இவற்றின் சுவர் பல இடங்களில் ஒரு சாண் உயர மேடுதான். வெயில் 10 டிகிரி சாய்வில் விழும்போது, 20 சென்டிமீட்டர் மேட்டின் நிழல் 113 சென்டிமீட்டர் நீளும். 45 டிகிரிக்கு ஏறிவிட்டால் நிழலும் 20 சென்டிமீட்டர்தான். புல்லோடு புல்லாக மறைந்துவிடும். ஜனவரி மாதம் என்றால் காலை ஏழேகாலிலிருந்து எட்டேகாலுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அந்த மாதத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. உறைபனி வெயில் பட்ட பக்கம் உருகியும், சுவரின் நிழல் பக்கமும் குழியும் சிறிது நேரம் வெள்ளையாகவே நிற்கும். வெறும் புல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோலத் தெரியும்.

ஒரே வெளிச்சத்தை நம்பக் கூடாது. ஜனவரிக் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வருவதால், வட்டச் சுவரின் இரண்டு பக்கம் மட்டும் அடைப்புக்குறிகள்போலத் தெரியும். வெயிலின் போக்கிலேயே ஓடும் மற்ற இரண்டு பக்கமும் காணாமல் போகும். அதனால் மாலையிலும் ஒருமுறை பறக்கவிட்டு, இரண்டு படங்களையும் ஒப்பிட வேண்டும்.

படங்களை ஒட்டி மேடுபள்ளம் காட்டும் மாதிரி செய்வதானால், 60 மீட்டர் உயரத்தில், முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். மலையில் பலரும் தவறுவது இங்கேதான். புறப்பட்ட இடத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு நேராகப் பறக்கவிட்டால், 30 மீட்டர் உயர்ந்த முகட்டின்மேல் ட்ரோனுக்கும் தரைக்கும் 30 மீட்டர்தான் இடைவெளி. 80 என்பது 60 ஆகும், 70 என்பது 40 ஆகும். கல்வட்டம் இருக்கும் முகட்டில்தான் மாதிரி கிழியும். தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும்படி அமைத்துவிட்டுப் பறக்கவிடுங்கள். 40 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளைப் பலகைகளை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து, அவற்றின் இடத்தை அளந்துகொள்ளுங்கள். பேட்டரியைப் பறக்கும்வரை சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருங்கள்; குளிர்ந்த பேட்டரியின் சார்ஜ், ட்ரோன் மேலே போனதும் திடீரென்று இறங்கிவிடும். வனத்துறை நிலமென்றால் அவர்கள் அனுமதியும் வேண்டும்.

கணினியில் மாதிரி தயாரானதும் சூரியனை நாமே எந்தத் திசையிலும் வைக்கலாம். 16 திசைகளில் தாழ வைத்துப் பார்த்தால் காலை மாலை தவறியதும் வெளிப்படும். ஆனால் மாதிரி காட்டுவது புல்லின் தலையைத்தான். சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் மூடிய இடத்தில் அதுவும் கை கொடுக்காது. மரத்தடித் தரையை அளக்க, லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவி வேண்டும்.

வட்டமாகத் தெரிவதெல்லாம் ஈமச்சின்னம் அல்ல. எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடிகளான தொதவர்களின் பழைய தொழுவமும் வட்டக் கற்சுவர்தான். தொழுவத்துக்கு வாசல் இருக்கும், எருமைத் தடங்கள் பல திசையிலிருந்து அங்கே வந்து சேரும், தண்ணீரும் பெரும்பாலும் அருகில் இருக்கும். முகட்டில் வாசலில்லாமல், கிணறுபோல நடுவில் குழிந்து, பக்கத்தில் ஒரு மண்மேட்டோடு இருந்தால், அது முன்பே யாரோ தோண்டிய கற்குவையாக இருக்கலாம். அந்த மண்மேட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பறக்கவிடும் முன்பு மந்து எனப்படும் தொதவர் குடியிருப்பின் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். எருமைகள் மிரளும், கோயிலின் மேல் பறப்பதும் முறையல்ல. எது தொழுவம் என்று படத்தைப் பார்த்ததுமே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.