பிரித்து விற்பதும் செய்து விற்பதும்

(காரைக்குடியில் உள்ளூர் வரலாறு பற்றிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், விடுதி நடத்துகிற, கார் ஓட்டுகிற, வெளியூர்க்காரர்களுக்கு வழி காட்டுகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர் திரும்பிப் போகும்போது கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பர்மாத் தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, மங்குச் சாமான், மரவை, சட்டம் போட்ட குடும்பப் படம், எல்லாம் அங்கே கிடைக்கும். கடை வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் வாங்கி வைக்காவிட்டால் அதில் பாதி விறகாகவும் பழைய இரும்பாகவும் போயிருக்கும். ஆனால் அங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கழற்றி வந்தது. பத்துத் தூண் விற்றால், பத்துத் தூண் இல்லாத ஒரு வளவு, அதாவது வீட்டின் உள்முற்றமும் அதைச் சுற்றிய கட்டும், எங்கோ நிற்கிறது. பல இடங்களில் அந்த வளவும் நிற்கவில்லை.

வீடுகள் ஏன் இடிபடுகின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நகரத்தார் சம்பாதித்த பணத்தில் கட்டியவை இவை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு அறுந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இன்று ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், பங்கு. ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும், அத்தனை பேரும் பணம் போட வேண்டும். கூட்டிப் பேசிப் பேசிக் களைத்துப்போய், கடைசியில் பிரித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். செட்டிநாட்டுக்கு 96 ஊர் என்று சொன்ன இடத்தில் இன்று எழுபத்துச் சொச்சம்தான். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டின் பெயர் ஏறியது. அதற்குப் பிறகும் இடிப்பது நிற்கவில்லை.

சரி, வருகிறவருக்கு வேறு எதைக் கொடுப்பது? இந்த மண்ணில் இன்றைக்கும் செய்கிற பொருளைக் கொடுப்போம் என்கிறேன். அதைச் செய்கிற கைதான் வீட்டையும் பழுது பார்க்கிற கை.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சூளை இல்லை, நெருப்பு இல்லை. அளவாக வெட்டிய கண்ணாடித் துண்டை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் பூ அச்சை நிறுத்தி, சிமெண்டில் கரைத்த வர்ணக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் வர்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க வேண்டும். அதற்குக் குழம்பின் பதம் தெரிய வேண்டும், கை நடுங்கக் கூடாது. அப்புறம் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, மேலே ஈரக் கலவை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள். பிறகு கண்ணாடியை உருவினால், கண்ணாடியின் பளபளப்பு கல்லில் இறங்கியிருக்கும். மெருகு போட எந்திரம் கிடையாது. ஆத்தங்குடி மணலுக்கு அதில் பங்கு உண்டென்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

உங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையில் நாலு கல் உடைந்தால், அதே பூவை, அதே சிவப்பை ஊற்றித்தர ஆத்தங்குடியில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இருக்க வேண்டுமென்றால், வீடு பழுது பார்க்காத மாதத்திலும் அவருக்கு வேலை இருக்க வேண்டும். பயணியிடம் பெட்டி பெட்டியாகக் கல்லை விற்க முடியாது, கனம் தாங்காது. ஒரே ஒரு கல்லை மரச்சட்டத்தில் வைத்துக் கொடுக்கலாம். கல் ஊற்றுகிற இடத்துக்கே கூட்டிப்போய், அவர் கையால் ஒன்றை ஊற்ற வைத்து, காய்ந்தபின் அஞ்சலில் அனுப்பலாம். ஊற்றிப் பார்த்தவருக்குத்தான் அதன் விலை நியாயம் என்று தெரியும்.

கொட்டான் என்கிற ஓலைக் கூடையின் கதை உங்களுக்கு நம்பிக்கை தரும். பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, பின்னி, மேலே மணியும் பின்னல் வேலையும் சேர்த்து ஆச்சிமார்கள் ஓய்வு நேரத்தில் செய்தது. கல்யாணச் சீரில் வெற்றிலை பாக்கும் பழமும் வைக்க வேண்டியது. அது ஏறக்குறைய மறந்தே போன சமயத்தில், விசாலாட்சி ராமசாமி அவர்களும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பொறுமையாக, கூலி கொடுத்துக் கற்றுத் தந்தால் அழிந்த தொழில் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியை அதுவாக உயர்த்தாது. விசைத்தறியில் ஓட்டிய கட்டம் போட்ட சேலையையும் கண்டாங்கி என்று சொல்லி விற்கிறார்கள். கனத்த பருத்தியில் கைத்தறிச் சேலை ஒன்று எத்தனை நாள் வேலை என்பதை விற்கிற இடத்தில் எழுதி வைத்தாலொழிய, வாங்குகிறவர் மலிவானதைத்தான் எடுப்பார்.

விடுதி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வரவேற்பறையில் விற்கிற ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு இருக்கட்டும். செய்தவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், எதற்குப் பயன்பட்ட பொருள், விலையில் அவருக்குப் போகிற தொகை. கடைசி வரியை எழுதத் தயக்கமாக இருக்கும். எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்துப் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார் ஓட்டுகிற தம்பிகளிடம்: பழம்பொருள் தெருவுக்குக் கூட்டிப்போகிற அன்றைக்கே ஆத்தங்குடிக்கும் ஒரு தறிக்கூடத்துக்கும் கூட்டிப்போங்கள். முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், வேலை நேரத்தில் அவர்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது.

வீட்டைப் பிரிப்பது என்று முடிவு செய்துவிட்ட குடும்பங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அது உங்கள் சொத்து, உங்கள் கஷ்டம் உங்களுக்கு. ஆனால் ஆள் வைத்துக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் தவணை கொடுங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து முகப்பையும் வளவையும் அளந்து வரைபடம் எடுக்கட்டும், ஒவ்வொரு தளத்தையும் படம் பிடிக்கட்டும். தரையில் பதித்த ஒவ்வொரு பூ வகையிலும் ஒரு கல்லைக் கேட்டு வாங்கி, பின்னால் எந்த வீடு, எந்தக் கட்டு என்று எழுதி, ஆத்தங்குடியில் அச்சு செய்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இதற்கு ஒப்புகிற குடும்பங்கள் இன்று கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் கொடுக்கலாம். அளக்க வருகிற பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள்.