பேலியகொடைக்கு எந்த விலாசம்?

(ஹட்டனில் நடந்த வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களான தம்பிமார் இருவரே! இருவரும் வேறு வேறு கட்சி. ஆனால் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்காகவே தனியாக இன்னொரு வணக்கம். வர்த்தக சங்கப் பெரியவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் அக்கா தங்கச்சிமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய டிக்கோயாத் தமிழாசிரியருக்கு நன்றி. பெயர்களில் யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளவேண்டும்; போன வருடம் ஒருவரை விட்டுவிட்டு அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

‘களனிக் கரையில் ஒரு தொழில் நகரம்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பேலியகொடையைப் பற்றித்தான். மூன்று விஷயம் பேச உத்தேசம். ஒன்று ஆறு, இரண்டு அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், மூன்று ஆற்றில் கலக்கும் கழிவு.

முதலில் ஆறு. பேலியகொடை எங்கேயோ கொழும்புப் பக்கம் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அந்த ஊர்க் கரையைத் தொடும் தண்ணீரில் ஒரு பங்கு நம் மலையில் பெய்த மழை. கெஹெல்கமு ஓயா காசல்ரீயில் தேங்குகிறது, மஸ்கெலி ஓயா மவுசாகலையில் தேங்குகிறது. இரண்டும் இறங்கிப் போய் கித்துல்கலைக்கு மேலே சேர்ந்து களனி கங்கை ஆகின்றன. 145 கிலோமீற்றர் ஓடும் ஆறு. இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். லக்சபானவில் விளக்கெரிய 1950 ஆயிற்று. மின்சாரம் கொடுத்த தண்ணீர் அம்பத்தலைக்குப் போய்க் கொழும்புக்குக் குடிநீரும் ஆகிறது. தலைநகரம் குடிப்பதில் பெரும்பங்கு களனித் தண்ணீர்தான்.

அதற்கு நாம் கொடுத்த விலை? 1969இல் மவுசாகலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரிகின்றன, சனம் வரிசையாகப் போய்ப் பார்க்கிறது. அந்த ஊர்க்காரனுக்கு யாராவது கடிதம் போட்டிருந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இங்கேதான் வரப்போகிறேன்.

நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. “ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ.” களனியைப் பற்றி எத்தனை புத்தகம் படித்தாலும் இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. 1895இல் விக்டோரியா பாலம் வருவதற்கு முன் அந்த இடத்தில் படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட பாலம் இருந்தது. மலையிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் அதன்மேல்தான் கொழும்புக்குள் போயின. கோப்பி கடந்தது, தேயிலை கடந்தது, பயிரிட்டவன் இந்தப் பக்கமே நின்றான். அவன் பேரன்தான் இன்று கடக்கிறான், மூட்டை தூக்க.

இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். பேலியகொடை களனியின் வடகரையில், கொழும்புக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் அதன் வழியாகப் போகின்றன, கட்டுநாயக்க அதிவேகப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. களஞ்சியங்கள், தொழிற்சாலைகள், நாட்டின் பெரிய மீன் சந்தை. புறக்கோட்டையிலிருந்த மெனிங் மரக்கறிச் சந்தையையும் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். இவற்றுக்கு நடுவே நெருக்கி நெருக்கி வீடுகள். அதே ஊரில்தான் 1875இல் வித்தியாலங்கார பிரிவெனா தொடங்கி, பிற்காலத்தில் களனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. படிப்பும் உண்டு அங்கே. நம் பிள்ளைகள் படிப்புப் பக்கம் போகாமல் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் போகிறார்கள், அதுதான் வருத்தம்.

இங்கே ஒரு கதை சொல்லவேண்டும். தலைவர் மணியைப் பார்க்கிறார், பரவாயில்லை.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், மகன் பேலியகொடையில் வேலை செய்கிறான், மூன்று மாதமாகச் சத்தமில்லை என்று பஸ் ஏறிவிட்டார். மகன் சொன்ன விலாசம், “பாலத்துக்குப் பக்கத்தில.” கையில் ஒரு உரப்பை. பையில் என்ன? தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தானே நட்ட லீக்ஸ், கொஞ்சம் கரட். மகன் அங்கே மரக்கறிக்கு என்ன செய்வானோ என்று மனுசி கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இறங்கியவர் பாலம் எங்கே என்று கேட்டார். எந்தப் பாலம் என்று திருப்பிக் கேட்டார்கள். பழைய பாலமா, புதிய களனிப் பாலமா, ரயில் பாலமா, 2021இல் திறந்த கம்பிவடம் கட்டிய கல்யாணிப் பாலமா, அதிவேகப் பாதையின் மேம்பாலமா? நம் ஊரில் ஒரு ஓயாவுக்கு ஒரு பாலம். அவர் எல்லாப் பாலத்துக்கும் நடந்தார். கடைசியில் ஒரு பொலிஸ்காரர் பிடித்து அடையாள அட்டையைக் கேட்டார். பார்த்தார். “தாத்தா, வீட்டு நம்பர் என்ன?” “மேல் டிவிசன், எட்டாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா ஐயா.” “வீதி?” “பிரட்டுக்களத்துக்கு மேல ஏறுற பாதை.” “வீதிக்குப் பேர் இல்லையா?” “பேர் இருக்கு ஐயா, துரை பங்களா ரோட்டு.” பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்து, உங்கள் ஊர் லொறி எல்லாம் அங்கேதான் வரும் என்று மரக்கறிச் சந்தை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

உள்ளே போனால் லீக்ஸ் மலை! கரட் மலை! நுவரெலியாவே இறங்கி வந்து குந்தியிருக்கிறது. அந்த லீக்ஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வருகிறான் மகன். அப்பன் கையில் இரண்டு கிலோ லீக்ஸ், மகன் தோளில் ஐம்பது கிலோ. “இதையா அப்பா சுமந்துக்கிட்டு வந்தீங்க?” என்றானாம். பெரியவர் விடவில்லை. “அது ஏவாரத்து லீக்ஸ், இது உங்க அம்மா கட்டினது.”

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் பொலிஸ்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் என்ன? அப்பனுக்கு வீட்டு இலக்கம் இல்லை. மகன் அங்கே நாலு பேரோடு பலகை அறையில் வாடகைக்கு இருக்கிறான், எழுத்தில் ஒன்றும் இல்லை. வாக்கு இங்கே, வயிறு அங்கே. 2020 ஒக்டோபரில் மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கிளம்பியபோது பேலியகொடை என்ற பெயரைக் கேட்டாலே ஊர் பயந்தது. அங்கிருந்து வந்த பிள்ளையைத் தன் லயத்துக்குள்ளேயே விடத் தயங்கினோம், ஆமாம், நாம்தான். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி!

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் பார்த்தோம். மேலே மண்சரிவு, கீழே களனி பெருகிக் கரையோர ஊர்களில் வெள்ளம். இங்கே லயத்தை விட்டுப் பாடசாலையில் படுத்த தாய், அங்கே தண்ணீரில் நின்ற மகன், இரண்டு பேருக்கும் நீட்டிய படிவத்தில் முதலில் கேட்பது பெயர், அடுத்தது விலாசம்.

ஆகவேதான் எந்த மேடை ஏறினாலும் இதையே பேசுகிறேன். மலையகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி உறுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம், ஒவ்வொரு பாதைக்கும் பெயர், தபால்காரர் வாசலுக்கு வரவேண்டும். கடிதம் மொத்தமாகத் தோட்டத்து அலுவலகத்தில் இறங்கி, கைமாறி, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு பிள்ளையின் கைக்கு வருகிற கதை இந்தச் சபையில் எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது? கை தூக்கவேண்டாம், எனக்குத் தெரியும். என் அக்கா மகளுக்கே நடந்தது. இந்தியா கட்டிக் கொடுத்த வீடுகளோடு ஏழு பேர்ச் காணி என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். மற்றவர்களுக்கு? 1823இல் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று 2023இல் இருநூறு வருடம் கொண்டாடி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தும் முடிந்தது. நடந்தவர்களில் பலர் திரும்பிப்போனது இலக்கமில்லாத காம்பராவுக்கு. உறுதி கையில் இருக்கும் பிள்ளை பேலியகொடைக்குப் போனாலும் விருப்பத்துக்குப் போவான், விருப்பத்துக்குத் திரும்புவான்.

தலைவர் இரண்டாம் முறை மணி அடித்துவிட்டார். மூன்றாவது விஷயம், கழிவு, பெரிய விஷயம். ஆற்றின் மேல் பக்கத்தில் நாம் கொட்டும் பொலித்தீனிலிருந்தே தொடங்கவேண்டும். அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கள். விலாசம் என்ற கட்டத்தில் உங்கள் அட்டையில் உள்ளதை அப்படியே எழுதினால் போதும், டிவிசன், லயம், காம்பரா என்று. அழகாக்க வேண்டாம், படிக்கிறவர்களுக்கு அது தெரியவேண்டும். மஸ்கெலியா பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். நன்றி, வணக்கம்.